அன்புச்செல்வி குளித்த ஏரி

கல்யாணமான புதிதில் அன்புச்செல்வி ஆலப்புழைக்குப் போய் இறங்கியபோது நல்ல மழை. கெடாருக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள் அவள். விழுப்புரத்தைத் தாண்டி அதற்கு முன் எங்கும் போனதில்லை. புருஷன் பிரான்சிஸ் திண்டிவனத்துக்காரன், பிளம்பர். கட்டட வேலைக்கென்று கேரளாவுக்குப் போனவன், ஒரு ஹவுஸ்போட்டுக்குக் குழாய் மாட்டப் போய் அந்தப் படகிலேயே வேலைக்கு நின்றுவிட்டான்.

"எங்க தங்கப் போறோம்?" என்று பஸ்ஸில் வழி நெடுகக் கேட்டாள். அவன் சிரித்துச் சிரித்தே மழுப்பினான்.

காயல் என்று அங்கே சொல்லுகிற பெரிய ஏரி. கரையோரம் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சுற்றுலாக்காரர்கள் வராத மாதங்கள் அவை. அந்த மாதங்களில் படகைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று முதலாளி குருவிளா, புதுப் பெண்சாதியோடு பிரான்சிஸைப் படகிலேயே இருந்துகொள்ளச் சொல்லியிருந்தார்.

"ஏறு செல்வி. இதான் வூடு."

கட்டில் போட்ட அறை, கண்ணாடி ஜன்னல், சமையல்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனவன் கடைசியில் ஒரு சின்னக் கதவைத் திறந்தான். குளியலறை. வெள்ளை ஓடு பதித்த சுவரில் வெள்ளிப் பூப்போல ஷவர் தொங்கியது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஊரில் குளியல் என்றால் விடிவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்பக்கம், பழைய புடவையைக் கட்டிய மறைப்புக்குள். தெருப் பக்கம் பார்த்தபடி அம்மா முனியம்மாள் காவல் நிற்பாள். "ஜல்தி, ஜல்தி, யாரோ வராங்க" என்று அவசரப்படுத்திக்கொண்டே இருப்பாள். பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நாலு சொம்பு ஊற்றிக்கொண்டால் முடிந்தது. உடம்பு முழுவதும் தண்ணீர் பட்டதா என்று நினைத்துப் பார்க்க நேரமிருக்காது.

அன்று சாயங்காலம் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. பிறகு குழாயைத் திருகினாள். தலையில் விழுந்த தண்ணீரில் பாசி வாசனை இருந்தது. மழைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அவசரப்படுத்த யாரும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, அவளுக்கே தெரியாது. தண்ணீர் சட்டென்று நின்றபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

"டேங்க் காலி!" வெளியே பிரான்சிஸ் கத்தினான். "ஏரியையே வத்த வெச்சிடுவ போலக்கீதே!"

"இது ஏரித் தண்ணியா?"

"பின்ன? நம்ம காலுக்குக் கீழருந்துதான் வருது. வா, காட்றேன்."

சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைத் தூக்கினான். படகின் அடிவயிற்றில் ஒரு பித்தளை வால்வு. அதிலிருந்து ஒரு ஹோஸ், நடுவில் பாசியையும் தழையையும் தடுக்கிற வடிகட்டி, பிறகு மோட்டார். அங்கிருந்து கூரைமேல் இருக்கும் டேங்குக்குத் தண்ணீர் ஏறும். குளிக்கவும் கழுவவும் அதுதான். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்.

வால்வுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தவள், விஷயம் புரிந்ததும் வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"அய்யே, ஓட்டையா? படகுல யாருனா ஓட்ட போடுவாங்களாங்க?"

"ஓட்ட போட்டாத்தான் தண்ணி வரும். இந்தப் பிடி குழாயோட நேரா இருந்தா தொறந்திருக்கு, குறுக்க இருந்தா மூடியிருக்கு. அவ்ளோதான்."

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் ஓட்டையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் குறட்டை விடுகிறானே என்றிருந்தது. நாலைந்து நாளில் அதுவும் பழகிவிட்டது. வடிகட்டியைக் கழற்றி அதில் சிக்கிய ஆகாயத்தாமரை வேரையும், எப்போதாவது குஞ்சு மீனையும் எடுத்துப் போடுவது அவள் வேலையாயிற்று. மீன் உயிரோடிருந்தால் தண்ணீரில் விட்டுவிடுவாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, பிரான்சிஸ் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அன்புச்செல்வி காலைக் கீழே வைத்ததும் சில்லென்றது. பாய் ஊறிப் போயிருந்தது. எங்கோ குடம் நிறைவதுபோல ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினாள். மோட்டார் பக்கத்து ஹோஸ் கழன்று, தண்ணீர் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. வால்வு கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் முழுகிவிட்டது.

கரைக்குத் தாவிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டடி எடுத்தும் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து மண்டியிட்டு, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். பிடி அகப்பட்டது. அசையவில்லை. இழுத்தாள், தள்ளினாள். கடைசியில் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். பிடி குறுக்கே திரும்பியது. தண்ணீர் பொங்குவது நின்றது.

அப்புறம்தான் கூப்பாடு போட்டாள். பக்கத்துப் படகு ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, விருந்தாளிகளுக்குச் சோறு வடிக்கிற பெரிய குண்டானால் அவளும் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

பிரான்சிஸ் திரும்பி வந்தபோது அவள் நனைந்த புடவையோடு படகின் முகப்பில் உட்கார்ந்திருந்தாள். குதிகால் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. நடந்ததைக் கேட்டவன் வாங்கிவந்த பையை அப்படியே போட்டான்.

"படகு போனா போவுது. நீ கரைக்கு ஓட வேண்டியதுதான? நீச்சல்கூடத் தெரியாதே உனக்கு!"

"ஓடிட்டா எங்க குளிக்கறது?" என்றாள் அவள்.

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். குருவிளா வந்து குழியையும் அவள் காலையும் பார்த்தார். அடுத்த சீசனிலிருந்து படகில் சமையல் அன்புச்செல்வி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் இன்றும் அவள் முகம் மலர்ந்துவிடும். மகள் புனிதா பிறந்து, தவழ்ந்து, நடை பழகியதெல்லாம் அந்தப் படகில்தான். விருந்தாளிகளைக் கரையில் இறக்கிவிட்ட மதியங்களில், படகை ஏரி நடுவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தாயும் பிள்ளையும் ஷவருக்கடியில் நின்று ஆட்டம் போடுவார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு பிரான்சிஸ் கூரைமேல் தாளம் தட்டுவான். கார்காலத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். தையில் தெளிந்து குளிர்ந்திருக்கும். எந்த மாதத் தண்ணீருக்கு எந்த வாசனை என்று அவளுக்குத் தெரியும்.

கொரோனா வந்தது. விருந்தாளிகள் நின்றார்கள். படகு கட்டின இடத்திலேயே கிடந்தது. குருவிளா அதை யாருக்கோ விற்றார். மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு திண்டிவனம் வந்து, புறவழிச்சாலைக்கு உள்ளே ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். அந்த வீட்டில் குளியலறை இருந்தது. ஓடு பதித்திருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. ஆனால் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது. தலைமுடி கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். குழாயைத் திறந்தால் இரும்பு வாசனை. "எல்லாருக்குந்தான் இந்தத் தண்ணி" என்பான் பிரான்சிஸ். அவள் முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் மரக்காணத்திலிருந்து சுதாகர் என்ற மீனவர், படகுக்குக் குழாய் மாட்டத் தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு பிரான்சிஸைத் தேடிவந்தார். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிக் கூரை போட்டிருந்தார். மரக்காணத்துக்கு மேற்கே, கடல் தண்ணீர் ஏறுகிற ஏரியில் குடும்பங்களைப் பகலில் ஏற்றிச் சுற்றிக் காட்டவேண்டுமென்று ஆசை. உள்ளே ஒரு டாய்லெட்டும் கை கழுவத் தொட்டியும் வேண்டும்.

"குழாயெல்லாம் மாட்டிட்டேன் அண்ணே. மோட்டாரப் போட்டா சேறுதான் வருது, பேஜாராக்கீது."

பிரான்சிஸோடு அன்புச்செல்வியும் கிளம்பினாள். ஏரி என்றதும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

ஏரி ஆழமில்லாதது. படகின் அடியில் போட்டிருந்த துளை தரையைத் தொட்டுக்கொண்டு சேற்றை உறிஞ்சியது. படகைக் கரையேற்றி, பிரான்சிஸ் அதை அடைத்துவிட்டு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் வேறு துளை போட்டான். வால்வை அவன் முடுக்க, ஹோஸின் கிளிப்புகளை அவள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இறுக்கினாள். படகைத் தண்ணீரில் இறக்கியதும் மோட்டார் ஓடியது. குழாயில் முதலில் கறுப்பாகக் கொஞ்சம், பிறகு மஞ்சளாக, பிறகு தெளிந்த தண்ணீர்.

சுதாகரின் அம்மா ஜெயம்மாள் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "இப்ப தேவல. சித்திரைல வந்து பாரு, உப்பா கரிக்கும்."

அன்புச்செல்வி இரண்டு கையிலும் ஏந்தி முகம் கழுவினாள். பாசி வாசனை இருந்தது. ஆனால் அந்தப் பாசி இல்லை. இதில் கடலும் சேறும் கலந்திருந்தன. மறுபடியும் ஏந்தி முகர்ந்து பார்த்தாள்.

"இன்னா, அது மாதிரிக்கீதா?" என்றான் பிரான்சிஸ்.

"இல்ல. இது வேற."

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. படகு ஏரி நடுவுக்குப் போனதும், நாரைகள் கூட்டமாக எழும்பின. அவள் முன்பக்கம் போய் உட்கார்ந்து, ஆலப்புழையில் தன் கையால் ஆக்கிப் போட்ட மீன்களின் பெயரையெல்லாம் ஜெயம்மாளிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஜெயம்மாள் தன் ஊர் மீன்களைச் சொன்னாள். பேச்சு கரை வந்து சேரும்வரை ஓயவில்லை.

"சனி ஞாயிறு சமைக்க வர்றியாம்மா?" என்று இறங்கும்போது ஜெயம்மாள் கேட்டாள்.

இப்போது சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அன்புச்செல்வி மரக்காணம் போகிறாள். விடுமுறை நாளில் புனிதாவும் கூட வருவதுண்டு. விருந்தாளிகள் வருமுன் அடுப்பு பற்றவைத்துவிட்டு, வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவாள். "சாப்பாடு பண்ற கையால அத ஏன் தொடறீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சுதாகர் சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் கேட்பதாக இல்லை.