நாங்கள் அனுப்பாத மெயில்கள்

அரியமங்கலத்தில் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மெயில் சர்வரும் என் பொறுப்புதான். ஒருநாள் காலை, 'நீங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை' என்ற தகவல்களாக வந்து குவிந்திருந்தன. எதுவுமே நாங்கள் அனுப்பியது இல்லை.

"நம்ம பேர்ல யாரும்மா அனுப்புறாங்க?" என்றார் முதலாளி. எனக்கும் புரியவில்லை. பாஸ்வேர்டை மாற்றியும் நிற்கவில்லை. யாரோ எங்கள் முகவரியைப் பொய்யாகப் போட்டு அனுப்புகிறார்கள் என்பது தெரியவே மதியமாகிவிட்டது. எரிச்சலில், இப்படி வரும் தகவல் எல்லாம் தானாக அழிந்துபோகும்படி சர்வரில் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் லால்குடி ரைஸ்மில்காரர் போன் செய்தார். "விலை கேட்டு எழுதியிருந்தேனே. முடியாதுன்னா சொல்லியிருக்கலாம்ல? அறுப்பு வருதுங்க, வேற இடத்துல கொடுக்கப் போறேன்."

அன்றே விலையை அனுப்பினேன் என்று அடித்துச் சொன்னேன். சர்வரின் பதிவுகளில் தேடியபோதுதான் தெரிந்தது, அவருடைய இன்பாக்ஸ் நிரம்பியிருந்ததால் என் மெயில் போகவில்லை. அதைச் சொல்ல வந்த தகவலையும் சேர்த்து அழித்திருக்கிறேன். போனிலேயே விலையைச் சொல்லி ஆர்டரைக் காப்பாற்றினேன்.

இப்போது எதையும் அழிப்பதில்லை. தனி ஃபோல்டரில் போட்டு, டீ குடிக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். விலை அனுப்பினால் உடனே போன் செய்து, "மெயில் வந்துச்சாங்க?" என்றும் கேட்டுவிடுகிறேன்.

"அப்புறம் மெயில் எதுக்கும்மா?" என்கிறார் முதலாளி.

அதுவும் எனக்குப் புரியவில்லை.