வத்சலாவின் வெறும் வயிறு

வத்சலா வங்காளத்துப் பவானிபூரில் பிறந்த தமிழர். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வங்காள மொழியில் பேசிப் பேசி, கோபம் வந்தால்கூட அந்த மொழிதான் அவருக்கு முதலில் வரும். அதனால் வங்காளி டாக்டர் சொன்னது புரியாமல் போயிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தைராய்டு வந்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொன்னார் டாக்டர் மேக்னா பாசு. வத்சலா ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் உடம்பு தேறவில்லை. டாக்குரியா பகுதியில் இருந்த வீட்டின் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் மாத்திரையின் அளவு கூடியது. போன தடவை, உண்மையாகவே தினமும் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டுவிட்டார்.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கறா. இனிமே அங்க வரமாட்டேன்" என்றார் வத்சலா, கணவர் பட்டாபிராமனிடம். இந்த முறை கணவர் கெஞ்சித்தான் கூட்டி வந்தார்.

டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்தார். எழுதப் போனவர் பேனாவைக் கீழே வைத்து, வங்காளிகள் பெரியம்மாவை அழைப்பதுபோல் அழைத்தார்.

"மாஷிமா, அன்னிக்கு நான் கேட்ட விதம் சரியில்ல. காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க."

வத்சலா முறைப்பாகத்தான் ஆரம்பித்தார். பல் தேய்ப்பேன். அதற்குள் இவர் டிகாக்ஷன் இறக்கிக் காபி கலந்து, மாத்திரையோடு படுக்கைக்கே கொண்டு வந்துவிடுவார். எனக்கு முடியாமல் போனதிலிருந்து இவர்தான் எல்லாம்.

"காபியோடயா?"

"ஆமாம். காபிதானே, அது சாப்பாடா?"

டாக்டர் சிரிக்கவில்லை. காபி மாத்திரையை உடம்பில் சேரவிடாது, இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார். இனிமேல் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, சீக்கிரமே மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று விளக்கினார். பிறகு, புரிந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். வத்சலா சொல்லிக்கொண்டே திரும்பினார். பட்டாபிராமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா நான்தான் கெடுத்தேனா?" என்றார் தமிழில்.

வத்சலா அவர் கையைப் பிடித்தார். "ஒரு நாளாவது மறந்தேளா? அதைப் பாருங்கோ."

மறுநாள் காலை தண்ணீரும் மாத்திரையும் வந்தன. பட்டாபிராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நீங்க காபி குடிக்கலாமே," என்றார் வத்சலா.

"எனக்கு மட்டும் என்ன அவசரம்? சேர்ந்தே குடிக்கலாம்."