கல் வில்லைக்குத் தொட்ட நல்லெண்ணெய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் பௌதிகச் சோதனைச்சாலையில் நான் உதவியாளன். அன்னூர்ப் பக்கம் கிணறு வெட்டிய குடியானவர் ஒருவர் கொடுத்த கரும்பச்சைக் கல்தான் அப்போது என் உலகம். ஆம்பிபோல் இனத்துக் கல். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அதை மெல்லிய வில்லையாகத் தேய்க்க ஒரு மாதம் பிடித்தது. தொட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடச் சொல்வேன் என்று அட்டெண்டரை மிரட்டியிருந்தேன். எனக்குக் கோபம் மூக்குமேல் வரும்.

கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் எவற்றை வில்லை விழுங்குகிறது என்று முதலில் குறித்துக்கொண்டேன். ஆயுத பூஜை கழிந்ததும் அகச்சிவப்புக் கதிர்களைச் செலுத்தி அளந்தேன். கல்லுக்குள் இருக்கும் நீர்க்கூறினால், எவ்வளவு கதிர் ஊடுருவியது என்று காட்டும் வரைகோட்டில் ஒரு பள்ளம் விழ வேண்டும். விழுந்தது. சற்றுத் தள்ளி, யாரும் சொல்லியிராத இன்னொரு பள்ளமும் விழுந்தது. மூன்று நாள் அளந்தேன், மூன்று நாளும் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சென்னைக்குப் போயிருந்த பேராசிரியருக்கு இரண்டாம் பள்ளத்தைப் பற்றிக் கடிதம் எழுதி ஒட்டினேன். அதை நம்பித்தான் அவர் இந்தக் கல்லைப் பற்றிய கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பார். தபாலில் சேர்க்கும்படி அட்டெண்டரிடம் நீட்டி, இந்தக் கல்லில் யாரும் பார்க்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பெருமையடித்தேன். அவரும் என் வயதுக்காரர்தான். கடிதத்தை வாங்கவில்லை.

"அது கல்லுல இருக்கறதில்லீங்க சார். பூசைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சனுங்க. இத மட்டும் உட மனசு வரலீங்க. பொட்டு வெச்சாக் கறையாயிருமேன்னு நல்லெண்ணெய் தொட்டுத் தொடச்சுப்போட்டேன்."

வசவு நுனிநாக்கு வரை வந்தது. வில்லையை எண்ணெய் கரைக்கும் பென்சீனில் கழுவி, உலர்த்தி, மறுபடி அளந்தேன். முதல் பள்ளம் அப்படியே இருந்தது. என் கண்டுபிடிப்பைக் காணோம். என் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் அகச்சிவப்புக்குத் தெரிந்திருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். சோதனைச்சாலைச் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"சாவிய யாருகிட்டக் குடுத்துட்டுப் போகட்டுங்க?"

வெட்கத்தில் என் காது சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வேலைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நான்தான் நல்லெண்ணெயைப் புதுமை என்று ஊரெல்லாம் பறைசாற்றியிருப்பேன். சாவிக்கொத்தை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் வில்லையை விட்டு எட்டவே நின்றார். வில்லை இருந்த பெட்டியின் மூடியைக் காட்டினேன். அவர் முதல் பொட்டை அங்கேதான் வைத்தார்.