கொழுந்தன் சுற்றிய காயில்

மார்ச் 3: 230 ÷ 4.6 = 50
மார்ச் 19: 230 ÷ 3.7 = 62.16
மார்ச் 22: 185 ÷ 3.7 = 50
மார்ச் 22: 185 × 3.7 = 684.5

இந்த நான்கு கணக்குகளையும் போட்டவர் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தும் ஒரு பெண்மணி. கடைவீதியில் ‘டிகிரி அக்கா’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். முட்டைப் பெட்டிக்குள் முப்பத்தேழரை டிகிரி நிற்கிறதா என்பதே அவருக்கு எப்போதும் நினைப்பு. விருந்துக்குப் போன இடத்தில் தேநீர் டம்ளரைத் தொட்டுவிட்டு, “அறுபது இருக்கும்” என்று சொன்னவர்.

ஒரு மரப்பெட்டி, ஒரு குண்டு பல்பு, இருபது முட்டை என்று ஆரம்பித்த தொழில் அது. இன்று மூவாயிரம் முட்டை கொள்ளும் இன்குபேட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிறந்த குஞ்சுகளை வேனில் கொண்டுபோய்க் கொடுப்பது கணவர் வேலை. சூடு கொடுக்கும் ஹீட்டர் காயிலைச் சுற்றிக் கொடுத்தவர் கணவரின் தம்பி. தெருக்கோடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் தடை, பெருக்கினால் அது தின்னும் வாட். பள்ளியில் படித்த இந்த இரண்டையும் அக்கா பொழுது விடிந்தால் போட்டுப் பார்ப்பார். புதுக் காயிலை மாட்டிய அன்று வகுத்ததில் சொல்லி வைத்தாற்போல் ஐம்பது ஓம் வந்தது. ஆயிரத்து ஐம்பத்தெட்டு வாட்.

“பேசினபடி செஞ்சு குடுத்துட்டீங்க தம்பி” என்று வாயாரச் சொன்னார்.

பதினாறு நாள் கழித்து ஒரு மதியம் சூடு முப்பத்தாறைத் தாண்ட மறுத்தது. உள்ளே மூவாயிரம் முட்டையும் பாதி அடையில் இருந்தன. அக்கா ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை ஒயரில் கவ்வவிட்டார். 3.7 ஆம்பியர். வோல்ட்டைக் காலையில் ஒரு தடவை அளந்துவிட்டால் அன்று முழுக்க அதுதான் கணக்கு. அது அவர் பழக்கம். காலையில் பார்த்த 230-ஐ 3.7-ஆல் வகுத்தார். அறுபத்திரண்டு!

கொழுந்தனை வரவழைத்தார். காயிலுக்கு அவரிடம் ஆர்டர் கொடுத்திருந்த வேறு இரண்டு பொரிப்பகக்காரர்களும் அப்போது அங்கே இருந்தார்கள்.

“என்ன தம்பி, அன்னைக்கு அம்பது, இன்னைக்கு அறுபத்திரண்டு. கம்பியில கைவரிசையைக் காட்டிட்டீங்களா?”

கொழுந்தனின் முகம் சுண்டிவிட்டது. “அண்ணி, நான் சுத்துற காயில் அறுந்து போகும், வெந்து போகும். தானா வளர அது என்ன பூசணிக் கொடியா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்த இருவரும் தங்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்னால் கொழுந்தன் வந்தார். ஒயரைக் கழற்றி, காயிலை மீட்டரில் வைத்துக் காட்டினார். சுத்தமாக ஐம்பது. மதியம் அக்கா அளந்தால் மறுபடி அறுபத்திரண்டு. அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் பேச்சு நின்றுபோனது. கணவர் பாடுதான் திண்டாட்டம். “ஆளுக்கொரு மீட்டரைப் பிடிச்சிருக்கீங்க, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சவன். என்னை விட்டுடுங்கப்பா” என்றபடி, முட்டை ஆறிவிடாமல் இருக்க வெந்நீர்க் கேன்களைப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்தார்.

மார்ச் 22 மதியம் அக்கா பெட்டியருகே நின்றபோது, உள்ளே சுற்றும் விசிறியின் சத்தம் சட்டென்று தொய்ந்தது. அதே நொடியில், அடுத்த தெரு மர அறுவை மில்லில் புதிதாக வைத்த ரம்பம் கட்டையைக் கடிக்கும் சத்தம். அக்கா மீட்டரை எடுத்து பிளக்கில் சொருகினார். 185.

கையோடு ஆம்பியரையும் அளந்தார், அதே 3.7. அங்கேயே வகுத்தார். ஐம்பது. காயில் இம்மியும் மாறவில்லை. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறையும். இரண்டும் சேர்ந்து குறைந்ததில் வாட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிபோயிருந்தது.

மீட்டரைக்கூடக் கீழே வைக்காமல் வைண்டிங் கடைக்குப் போனார். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று குரலை உயர்த்தியே சொன்னார்.

“தப்பு என் பேர்ல தம்பி. காலை வோல்ட்டையும் மத்தியான ஆம்பியரையும் சேர்த்து வகுத்துட்டேன். அண்ணன் உயரத்தையும் தம்பி இடுப்பையும் அளந்து ஒரே பேண்ட் தைச்ச கதை.”

“தைச்சது போகட்டும் அண்ணி, அதை என் தலையில இல்ல மாட்டினீங்க!”

கடையே சிரித்தது. ஆனால் ஆர்டரை நிறுத்திய இருவரும் மசியவில்லை. “கொழுந்தனை அண்ணி விட்டுக் குடுப்பாங்களா?” என்றார்கள். இது காதுக்கு எட்டியதும் அக்கா மின்வாரியத்துக்கு எழுதினார்: மதியத்தில் வாருங்கள், உங்கள் மீட்டரோடு வாருங்கள்.

இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். மில் ஓடும்போதும் நிற்கும்போதும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒருசேர அளந்தார். “ரெண்டு தடவையும் அம்பதுதாம்மா வருது. காயில் நல்லாத்தான் இருக்கு, லைன்லதான் கோளாறு.”

“அதை எழுத்துல குடுங்க சார். நான் வாயால சொன்னா வீட்டு ஆளுக்கு வக்காலத்து வாங்குறேங்கிறாங்க.”

அந்த அடையில் முட்டைகள் பெரும்பாலும் பொரித்தன. கீச்சுச் சத்தத்தில் அறை நிறைந்த அன்றுகூட அக்கா முழு மனதாகச் சிரிக்கவில்லை. மின்வாரியத்தின் முதல் கடிதம் மனு கிடைத்தது என்றது. இரண்டாவது, மில்லுக்குத் தனி லைன் இழுக்க உத்தரவாகிவிட்டது என்றது. கடைசிக் கடிதத்தில்தான் அளவுகளும், ‘ஹீட்டர் காயிலில் குறை ஏதும் இல்லை’ என்ற வரியும் இருந்தன. அன்றே கணவரின் வேனில் கொழுந்தனை முன் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பொரிப்பகங்களுக்கும் போய், அந்த வரியை அக்காவே நிமிர்ந்து நின்று உரக்கப் படித்தார். இரண்டு ஆர்டரும் திரும்பி வந்தன. அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது ஜூன் 11.