நடுவட்டத்துக்கு மேலே ஒரு யானை

“தாஹா: மூத்த சைக்கிள் பயண வழிகாட்டி. நீலகிரியின் ஒவ்வொரு ஏற்றத்தையும் கால்களால் அறிந்தவர். யானைகளின் நடமாட்டத்தை முன்கூட்டியே உணரும் அரிய அனுபவம் கொண்டவர்.”

கோயம்புத்தூர் ஆட்களைச் சைக்கிளோடு மலைக்கு அழைத்து வரும் ஒரு சிறு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இப்படிப் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே ஹெல்மெட்டோடு ஒரு படம். ஹெல்மெட், நிறுவனத்தை நடத்தும் விமலுடையது.

தாஹாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் பிறந்து வளர்ந்த குன்னூர் சந்தில் வாசலை விட்டு இறங்கினால் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் சரிவு, சரிவு முடிந்தால் பஸ் ஸ்டாண்டு. எங்கே வைத்துப் பழகுவது? ஏற்றங்களைக் காலால் அறிந்தவர் என்பது மட்டும் ஒரு வகையில் உண்மை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் வலது காலால் அறிந்திருக்கிறார். வார நாட்களில் கேத்தி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கும் அவருடைய பிக்கப் வண்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரும். கடைசி ஆளுக்கும் பின்னால் வருவதுதான் வேலை. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளலாம். முடிகிறவர்களை ஏற்றக் கூடாது.

யானையைப் பொறுத்தவரை, ஐம்பது வயது தாண்டியும் அவர் பார்த்தவை சொற்பம். அவற்றையும் பஸ்ஸில் எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் பார்த்தார்.

இந்தப் புகழ் அவருக்கு வந்து சேர்ந்தது ஜீவிதாவால். கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. அவருக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பாதி வழி ஜீவிதா. தையல் வகுப்பைப் பாதியில் விட்டவர், இந்தியைப் பாதியில் விட்டவர், கார் ஓட்டப் போய் ரிவர்ஸ் எடுக்கும் பாடத்துக்கு முந்தின நாள் நின்றுகொண்டவர். பட்டப்பெயர் வைத்தது நாத்தனார். பரப்பியது பெற்ற மகன். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சைக்கிளில் ஏறிவிட்டால் அந்தப் பெயர் ஒழியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதைக் கூடலூர் டீக்கடையில் வைத்துத் தாஹாவிடம் சொல்லிவிட்டு, ஒரு நிபந்தனையும் போட்டார்.

“நானே கெஞ்சினாலும் வண்டியில ஏத்தாதீங்கண்ணா. கையைக் கால உடைச்சுக்கிட்டா மட்டும் ஏத்துங்க.”

“சரிங்க மேடம்” என்றார் தாஹா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குன்னூரில் அவருடைய மச்சான் ஃபாரூக்கின் மகனுக்குக் கல்யாண விருந்து. மட்டன் பிரியாணிக்குச் சமையல்காரர் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்தார். மனைவி நாஜ்னீன் காலையிலிருந்தே போனில், முதல் தேக்சாவைத் திறக்கும்போதே வந்துவிடுங்கள், இரண்டாவது அண்டாவில் எலும்புதான் இருக்கும் என்று எச்சரித்துக்கொண்டிருந்தாள். மற்ற சைக்கிள்காரர்கள் மதியமே ஊட்டி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜீவிதா மட்டும் வளைவுக்கு வளைவு இறங்கி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி, நடுவட்டத்தில் ரோட்டோரம் ராக்கம்மா என்பவளின் டீக்கடையில் ஒரு வேகவைத்த முட்டையைத் தின்றுவிட்டு, மேலே கிளம்பினார்.

நடுவட்டம் தாண்டினால் கடினமான பகுதி முடிந்தது. அதற்கப்புறம் ஏறும், இறங்கும், பைன் மரங்களுக்கு நடுவே நீளமாகப் போகும், ஆளைக் கொல்லாது. தாஹாவின் வண்டியே அங்கே மூன்றாவது கியருக்கு மாறிவிடும். ஜீவிதாவுக்கு அது தெரியாது. தாஹாவுக்குத் தெரியும்.

ஒரு வளைவில் ஜீவிதா சைக்கிளை நிறுத்தி ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்தார். அவர் கெஞ்சவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. தாஹா வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். போனைக் காதில் வைத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். மறுமுனையில் யாரும் இல்லை.

“மேல யானை நிக்குதாமுங்க மேடம். லாரிக்காரன் சொல்றான்.”

காட்டெருமை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் காட்டெருமை என்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் போட்டோ எடுக்கக் கிளம்பிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். யானை என்றால் இந்த மலையில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாலும் யானை, பெண் பார்க்கப் போகாவிட்டாலும் யானை.

ஜீவிதா சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தாஹா முதல் தேக்சாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பிரியாணி பிரமாதமாக இருந்தது. கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால் பின்னாளில் அவருக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

மறுநாளே ஜீவிதா முகநூலில் எழுதினார். தாஹா அண்ணன் மட்டும் இல்லாவிட்டால் நான் இன்று உயிரோடு இல்லை என்று தொடங்கியது அது. ஏராளமானோர் கும்பிடு போட்டிருந்தார்கள். விமல் பாதுகாப்பு கருதி கூடலூர் வழியை நிறுத்திவிட்டு, கோத்தகிரி வழியைத் திறந்தார். தாஹாவின் இணையப் பக்கக் குறிப்பில் யானை அப்போதுதான் நுழைந்தது.

பொய் அதோடு நின்றிருந்தால் தாஹாவும் மறந்திருப்பார். நடுவட்டத்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் செய்தி பரவி, தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எஸ்டேட் வாட்ச்மேன்கள் பட்டாசு வெடித்து, இல்லாத யானையைக் காட்டுக்குள் விரட்டினார்கள். விரட்டியாகிவிட்டது என்று திருப்தியும் பட்டார்கள். ஒரு நாள் அந்த வழியாக லோடு கொண்டுபோன தாஹாவை ராக்கம்மா நிறுத்தி, சைக்கிள்காரர்கள் வராததால் ஞாயிற்றுக்கிழமை முட்டை அவிப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

“எந்த நாசமாப் போனவன் கண்ணுல அந்த யானை பட்டுச்சோ பாய்” என்றாள்.

பட்டது யார் கண்ணில் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தாஹா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு நடுவட்டத்தில் வண்டியை நிறுத்துவதில்லை.

உண்மையைச் சொல்ல அவர் முயலாமல் இல்லை. நாஜ்னீனிடம் சொன்னார். அந்தப் பெண் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்டுவிட்டு, அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விமலிடம் சொன்னார்.

“யானை இல்லீங்க தம்பி. நான் பாக்கவே இல்லீங்க.”

“பாக்காமயே தெரிஞ்சிருக்கு பாருங்க பாய், அதான் அனுபவம்ங்கறது” என்றார் விமல்.

கெட்டது செய்தவனுக்குத் திட்டு கிடைக்காவிட்டால் எவ்வளவு சிரமம் என்பது தாஹாவுக்கு அந்த மழைக்காலத்தில்தான் புரிந்தது. திட்டினால் கோபப்பட்டுக் கணக்கைத் தீர்க்கலாம். கும்பிடுகிறவர்களிடம் என்ன செய்வது?

அடுத்த வருடம் ஜீவிதா விமலைக் கூப்பிட்டு, அதே வழியில் தனியாக ஒரு முறை ஏற வேண்டும் என்றார். தாஹா பாய் சரி என்றால் போகலாம் என்றார் விமல். ஆக, அந்த ரோட்டில் யானை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தாஹாவிடம் வந்தது. இல்லை என்றார். நாட்டில் அவரளவுக்கு உறுதியாக இதைச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இல்லை.

ஜீவிதா போன தடவையைவிட மெதுவாகத்தான் ஏறினார். பின்னால் தாஹா, வளைவுக்கு வளைவு நின்று, எஞ்சினை அணைத்து, காத்திருந்து, மறுபடி கிளப்பி. நடுவட்டம் கடந்தது. அதே வளைவு என்று சொன்னால் கதை கட்டுவதாகிவிடும். அதற்கு ஒரு வளைவு முன்னாலேயே ஜீவிதா நின்றுவிட்டார். மலையிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வண்டியைப் பார்த்தார்.

“அண்ணா, மேல யானை ஏதும் நிக்குதுங்களா?”

பயந்து கேட்கிற குரல் இல்லை அது. நிற்கிறது என்று சொல்லிவிட மாட்டாரா என்று கேட்கிற குரல். தாஹாவுக்கு அது உடனே விளங்கியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருவருக்கும் சௌகரியம். அந்தப் பெண் தோற்காமலே திரும்பலாம். அவரும் அரிய அனுபவசாலியாகவே இருக்கலாம்.

“இல்லீங்க” என்றார்.

“நல்லா விசாரிச்சுச் சொல்லுங்களேன்.”

“இல்லீங்க மேடம். அன்னிக்கும் இல்லீங்க. ஊட்டுல விருந்து. பிரியாணிக்கு நேரமாச்சுன்னு சொன்னதுங்க.”

ஜீவிதா சைக்கிளை விட்டு இறங்கினார்.

“பிரியாணிக்கா?”

“ஆமாங்க.”

“யானைன்னு நீங்க சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா?” என்றார் ஜீவிதா. “அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாவுக்குத்தான் ஒரு வருசமா என்னை நானே திட்டிக்கிட்டிருக்கேன். உங்களைக் கும்பிட்டு எழுதுனதும் அதை மறைக்கத்தான்.”

அவர் தண்ணீர் குடித்து பாட்டிலை மூடினார். திட்டு வரும் என்று தாஹா காத்திருந்தார். வரவில்லை.

“பின்னாடி வராதீங்க. வண்டிச் சத்தம் கேட்டா அதுல ஏறிக்கத் தோணுது. முன்னாடி போயிருங்க.”

கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதற்காகவே கூலி வாங்குகிறவர் அன்று முன்னால் போனார். தலைகுந்தாவில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். லாரி இடித்திருக்குமோ, காட்டெருமை குறுக்கே வந்திருக்குமோ என்று நினைத்தார். பிறகு, இத்தனை நாள் இல்லாத யானை இன்றைக்குப் பார்த்து வந்து நின்றிருக்குமோ என்ற பயம் வந்தது. ஊட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ்காரன் எதற்கு நிற்கிறாய் என்று சைகையில் கேட்டுவிட்டுப் போனான்.

இருட்டத் தொடங்கும்போது மஞ்சுக்குள்ளிருந்து சின்ன வெளிச்சம் ஒன்று வந்தது. ஜீவிதா தலையைத் திருப்பாமல் வண்டியைத் தாண்டி ஊட்டிப் பக்கம் மிதித்துக்கொண்டு போனார். ஊட்டி போய்ச் சேரவும் செய்தார். இந்த முறை முகநூலில் அவர் எதையும் எழுதவில்லை. விமல் இணையப் பக்கத்தில் எதையும் மாற்றவில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நடுவட்டத்துக்கு மேலே யானை இல்லை. ஏறி முடித்திருக்கக்கூடிய ஒரு பெண்ணைத் தாஹா, பிரியாணிக்காகப் பொய் சொல்லி வண்டியில் ஏற்றினார்.