அவர் கேட்ட சுகர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, லஸ் பக்கத்தில், ஓர் ஆட்டோவுக்குள் வைத்து, என் கணவர் வாய்க்குப் போகவிருந்த மிட்டாயை என் கையால் தட்டிவிட்டேன்.

இதை எழுதாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. நான்கு மாதங்களுக்கு முன்னால், ஆபீசில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர், ராத்திரி சாப்பாடு முடித்து, கை கழுவிய பிறகுதான் காட்டினார். “சுகர் வந்துடுச்சு” என்றார்... ஏதோ ஊரிலிருந்து விருந்தாளி வந்த மாதிரி.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. என் அப்பாவுக்கு இதனால்தான் கால் போனது. நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து நான் போலீஸ் ஆனேன். மூன்று இட்லி இரண்டாயிற்று. சாதம் ஒரு கரண்டி. சாயங்கால காபி போயே போய்விட்டது. மோரில் உப்பும் கூடாது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை வாசலிலேயே பிரித்து லட்டை எடுத்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுப்பேன். நாங்கள் வழக்கமாகப் போகும் மெஸ்ஸில், “சாருக்கு சுகர், பாயசம் வைக்காதீங்க” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவரின் நம்பரை வாங்கி, மத்தியானத் தட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவரும் பாவம், இரண்டு மாதம் அனுப்பினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எல்லாரிடமும் சொன்னேன்.

ரீடிங் இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் என்னவோ எனக்கே மார்க் போட்ட மாதிரி இருக்கும். அவர் மெலிந்துகொண்டே வந்தார். பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. மெலிந்ததை மட்டும் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். எட்டு மணிக்கு டிபன் என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய காலை மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது. ஏழரைக்கு நானே எடுத்துக் கொடுத்தேன்.

“ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு கெளம்பலாமா?” என்று கேட்டார்.

“அங்க போய் பொங்கல், வடைன்னு எல்லாம் இருக்கும். இங்கயும் சாப்ட்டு, அங்கயும் சாப்ட்டா என்ன கணக்கு? பேசாம வாங்க.”

பேசாமல் வந்தார்.

மெட்ரோ வேலையால் எங்கள் பக்கத்துத் தெருக்கள் எது எந்த நாளில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதில் குடியிருக்கும் எங்களுக்கே தெரியாது. முகூர்த்த நாள் வேறு. மாற்றுப் பாதைக்கு மாற்றுப் பாதை என்று சுற்றிச் சுற்றி, எட்டரை மணிக்கு ஒரு தகரத் தடுப்பின் ஓரமாக ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் வரிசையாகக் கார்கள். நான் போனில் நாத்தனாரிடம், “வந்துட்டே இருக்கோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“சுகர்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சட்டை நனைந்திருந்தது. முகம் வெளுத்து, உதடு லேசாக நடுங்கியது.

“சுகர்... சுகர்...”

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டப்பாவில் இருப்பது சர்க்கரை. உடம்பில் இருப்பது சுகர். நான்கு மாதமாக அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. சுகர் வந்துடுச்சு, சுகர் ஏறிடுச்சு, அவருக்கு சுகர். ஆபத்து என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் அது.

ஆகவே, நான் கேட்டது இதுதான்: “ஏறிடுச்சா? நேத்து ஆபீஸ்ல என்ன சாப்ட்டீங்க? உண்மையச் சொல்லுங்க!”

அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் இருந்தேன்.

ஆட்டோ ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. கண்ணாடியில் பார்த்தவர் சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“இன்னாம்மா ஆச்சு சாருக்கு?”

“ஒண்ணுமில்ல பாய், சுகர் ஏறிடுச்சு. கொஞ்சம் சீக்கிரம் போங்க.”

“ஏறலம்மா... எறங்கிக்கினு கீது. வேர்த்து ஊத்துது பாரு.” சொல்லிக்கொண்டே முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து என் கணவர் வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் தட்டிவிட்டேன்.

“ஐயோ, அவருக்கு சுகர் பாய்! இனிப்பே குடுக்கக் கூடாது!”

“சுகரு கீறதாலதாம்மா சக்கரை கேக்குறாரு!”

பாய் கத்திய கத்தலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். “நானும் சுகரு பார்ட்டிதாம்மா. ரெண்டு வாட்டி ரோட்லயே வுயுந்துருக்கேன். நவுரு நீ.”

இறங்கி எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினார். அரை டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தார். என் கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்து, “சார், முயிச்சிக்கினு கீறியா? முயுங்கு... அப்டித்தான், மெதுவா” என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். டம்ளர் பல்லில் பட்டு டக் டக்கென்று சத்தம் கேட்டது. முப்பது வருஷமாக இவருக்குச் சோறு போட்டவள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து அவர் கண்ணில் ஆள் தெரிந்தது. “மாத்திரை போட்டேன். சாப்பிடலை” என்றார். என்னிடம் இல்லை... பாயிடம். டீக்கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, இன்னொரு பத்து நிமிடம் எங்களை உட்கார வைத்துவிட்டுத்தான் பாய் வண்டியை எடுத்தார். நேராக வீட்டுக்குத் திரும்பினோம். அந்த டம்ளர் இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால்? மிட்டாயைப் போல அதையும் நான் தட்டிவிட்டிருந்தால்?

மறுநாள் அடையாறில் எங்கள் டாக்டரிடம் போனோம். மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது, என்றார் அந்த அம்மாள். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்ததை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னாராம். சொல்லியிருப்பார். அன்று நான் சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்: “இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?”

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

“நாலு தடவை, டாக்டர்.”

“நாலு தடவையா! வீட்ல சொல்லலையா?”

“சொன்னா... என்ன சாப்ட்டேன்னு கேப்பா.”

எனக்கு அந்த அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

‘சாப்பிட்டீங்களா?’ நம் ஊரில் அன்பைச் சொல்ல வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை. வாசலில் வந்தவரிடம், போனில் கூப்பிட்ட பிள்ளையிடம், கோபித்துக்கொண்ட பெண்டாட்டியிடம், எல்லாரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். அதன் முன்னால் ஒரு ‘என்ன’வைச் சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நோய்க்குப் பயந்துதான் செய்தேன். ஆனால், அவர் பயந்தது எனக்கு.

நேற்று மத்தியானம் ஆபீசுக்குப் போன் செய்தேன். “சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“ரெண்டு சப்பாத்தி. அவரைக்காய்க் கூட்டு. ஒரு டம்ளர் மோர்” என்று ஒப்பித்தார்.

“சாப்ட்டாச்சுன்னு சொன்னாப் போதுங்க” என்றேன்.

“சரி” என்றார்.

நம்பவில்லை போலிருக்கிறது. போனை வைப்பதற்கு முன்னால், “மோர்ல உப்பு போட்டுக்கலை” என்றார்.