பட்டப்பகலில் எரிந்த வாசல் லைட்

இருட்டு வீட்டுக்குள் நுழைவதென்றால் எனக்குப் பயம். ஆபீசில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவள் இதைச் சொல்லக் கூச்சப்படத்தான் வேண்டும். ஆனாலும் உண்மை அதுதான்.

எனக்கு இராமநாதபுரத்தில் வேலை. வீடு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி, மிளகாய் விளைகிற ஒரு கிராமத்தில். ஆபீஸ் முடிந்து ஊரில் இறங்கும்போது ஏழு, ஏழேகால் ஆகிவிடும். என் வீட்டுக்காரர் அந்நேரம் தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு, வீட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போயிருப்பார். மகள் மதுரையில் ஹாஸ்டலில் படித்தாள். தெருவில் அத்தனை வீட்டிலும் விளக்கு வைத்திருப்பார்கள்; எங்கள் வீடு மட்டும் இருண்டு கிடக்கும். நான் பூட்டைத் தடவி, சாவியைத் தலைகீழாக நுழைத்து, அதைத் திட்டி, திருப்பி நுழைத்து, உள்ளே போய்ச் சுவரெல்லாம் தடவி சுவிட்சைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் நடையில் கால் வைத்ததும் குளிர்ச்சியாக, வழுவழுவென்று ஏதோ மிதிபட்டது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கம்போடு திரண்டுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், என் வீட்டுக்காரர் பஞ்சர் பார்க்கத் தண்ணீரில் முக்கியெடுத்துப் போட்டுவிட்டுப் போன சைக்கிள் டியூப். எதிர்வீட்டு மதினி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவரை கேட்டிருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அந்த டியூபை நாலாக வெட்டிப் போட்டேன்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். "இங்கேரு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். வைகாசிக்குள்ள டவுனுக்குப் போறோம். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் போறேன்."

"மண்ண விட்டுட்டு டவுனுல எவன் வீட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரச் சொல்ற? செத்தாலும் வரமாட்டேன்."

"அப்ப நீங்க இங்கன இருங்க. நான் அங்கன இருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் சண்டை போட்டவர்கள், இனிமேல் தனித்தனிக் கூரைக்குக் கீழ் இருக்கப்போகிறோம் என்று இரண்டு பேருக்குமே உள்ளூரப் பயம் வந்தது. சாயங்காலம் அவர் ஒரு நடை வந்து சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தால் விஷயம் முடிந்தது. அதை மட்டும் செய்யமாட்டார். சாவியை மதினியிடம் கொடுக்கலாம் என்றால், வாசலில் விளக்கு எரியும்தான்; கூடவே எங்கள் வீட்டுச் சட்டியில் என்ன குழம்பு என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். ஆகையால் மனிதர் மூளையைப் பயன்படுத்தக் கிளம்பிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் அலாரம் கடிகாரம். அலாரம் அடிக்கும்போது அதன் பின்னால் இருக்கிற சாவி சுற்றும் இல்லையா? அந்தச் சாவியில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைச் சுவிட்சில் கட்டினார். ஆறரைக்கு அலாரம் அடித்தால் சாவி நூலைச் சுற்றும், நூல் சுவிட்சைக் கீழே இழுக்கும், லைட் எரியும். சொல்லும்போது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. முதல் நாள் ஓடி வந்து பார்த்தேன். வீடு அதே இருட்டு. சுவிட்ச் முறுக்கான சுவிட்ச். கடிகாரமோ லேசான கடிகாரம். சுவிட்ச் அசையவில்லை, கடிகாரம்தான் ஸ்டாண்டிலிருந்து இழுபட்டு விழுந்து, கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அது தெரியாமல் அதையும் மிதித்தேன்.

இந்தக் கதை டீக்கடைக்குப் போய்ச் சேர, ஒரு மாதம் அவரை யார் பார்த்தாலும் மணி கேட்டார்கள்.

அப்புறம் கீழக்கரை. எங்கள் மிளகாயை வாங்குகிற பாய் ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய மகன் துபாயிலிருந்து ஒரு டைமர் கொண்டுவந்திருந்தான். வட்டமான முகம், சுற்றிலும் சின்னச் சின்னப் பல். எந்த மணிக்கு லைட் எரிய வேண்டுமோ அந்தப் பல்லை அமுக்கிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். "கொண்டு போங்க. இன்ஷா அல்லாஹ், இனிமே ஒங்க வீட்டுல இருட்டே இருக்காது" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாராம்.

என் வீட்டுக்காரர் அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரைக்கும் எல்லாப் பல்லையும் அமுக்கினார். "ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாத" என்றார். கடிகாரத்தால் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பினேன். எங்கள் வாசலில் டியூப்லைட் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

ஆனால் அந்த டைமர் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். துபாயில் கரண்டே போகாதாம்; எங்கள் ஊரில் கரண்ட் வந்தால்தான் சேதி. ஒரு மணி நேரம் கரண்ட் போனால் லைட் ஒரு மணி நேரம் பிந்தி எரியும். அதனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி, தினம் காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருப்பி வைப்பார். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பங்குனியில் அந்தக் கோடை மழை பெய்கிற வரைக்கும்.

காற்றும் மழையுமாகச் சாயங்காலம் ஆறரைக்குப் போன கரண்ட் விடிந்தும் வரவில்லை. அவர் கோழி கூப்பிட மிளகாய் மூட்டைகளோடு லாரியில் பரமக்குடிக்குப் போய்விட்டார். நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்திருக்கிறது. டைமர் முழித்துக்கொண்டது. அதன் கணக்குப்படி இன்னும் சாயங்காலம் ஆறரைதான். பட்டப்பகலில், பூட்டிய வீட்டின் வாசலில், டியூப்லைட் எரிய ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் பகலில் வாசல் லைட் எரிந்தால் ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள். உடம்பு எடுக்கிற வரைக்கும் அந்த விளக்கை அணைக்கமாட்டார்கள்.

மதினி பார்த்திருக்கிறாள். கதவு பூட்டு. உள்ளே ஆள் இல்லை. லைட் எரிகிறது. போன வாரம் டீக்கடையில் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஆறு பஜ்ஜி தின்றால் யாருக்குத்தான் நெஞ்சு பிடிக்காது? மதினி கணக்குப் போட்டுவிட்டாள்: ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், முடிந்துவிட்டது, யாரோ வந்து லைட்டைப் போட்டுவிட்டு உடம்பை வாங்கப் போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், தலையில் மல்லிகைப்பூ, கையில் அரைக்கிலோ காராச்சேவு. தெருவில் பெஞ்சு போட்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் பெண்கள் அத்தனை பேரும் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மதினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அடி தாயி, ஒன்னய இப்புடி அத்துவிட்டுப் போயிட்டானேடி!"

"யாரு?"

"ஏன் தாயி யாருங்குற? ஒன் புருசந்தேன்!"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? லைட்டு காலைலருந்து எரியுதே!"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. "அட கூறுகெட்டவளே, அது டைமரு! துபாய் டைமரு!" என்று கத்தினேன். "புத்தி பெரண்டு பேசுறாளே" என்று அவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். நாலு பேர் என்னைப் பிடித்து நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். காராச்சேவைக் காணவில்லை.

மெஷின் கோளாறு என்று தலைக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. ஈரச் சாலையில் போன லாரி, அந்த நெஞ்சு வலி, இன்னும் வந்து சேராத ஆள். போன் கிடையாது, கேட்க வழி கிடையாது. விளக்கு அதுபாட்டுக்குப் பளிச்சென்று எரிகிறது, எனக்கோ கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. நானும் அழுதுவிட்டேன். நன்றாகவே அழுதேன்.

கால் மணி நேரம் கழித்துத் தெருமுனையில் லாரி நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஏழரை மணிக்கு லைட் எரிவது அவருக்குச் சரியாகத்தான் பட்டிருக்கும். கூட்டத்தையும் மூங்கிலையும் தலைவிரி கோலத்தையும் பார்த்துத்தான் ஆடிப்போனார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் அவரே. அப்படியானால் உள்ளே கிடப்பது யார்?

துண்டை உதறிக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏ புள்ள! போயிட்டியா! டவுனுக்கு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போனேனே, பாவி! வாரேன் புள்ள, இப்பவே வாரேன், நீ சொல்ற வீட்டுக்கே வாரேன், எந்திரிச்சு வா புள்ள!"

மூங்கில் வெட்டினவர் அரிவாளைப் போட்டுவிட்டு எகிறிக் குதித்தார். மதினி மயங்கி என் மடியிலேயே விழுந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டேன்:

"எந்திரிச்சுட்டேன். எப்பப் போறோம்?"

ஊரே சாட்சி. அவர் பின்வாங்க வழியில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, தோளைத் தொட்டுப் பார்த்து, அந்த இடத்திலேயே உட்கார்ந்து இன்னொரு முறை அழுதார். எட்டரைக்கு, டைமரின் விடிகாலை ஆறு மணிக்கு, லைட் தானாக அணைந்தது. அதற்கும் ஒரு அலறல் எழுந்தது.

வைகாசியில் டவுனுக்குக் குடிவந்தோம். மண்ணை அவர் விடவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய், ராத்திரி கடைசி பஸ்ஸில் திரும்பினார். ஆறு மணிக்கே நான் வாசல் லைட்டைக் கையால் போட்டுவிடுவேன். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு சந்து முனைக்கே போய் நிற்பேன். அந்த மனிதர் ஒரு நாள்கூட இருட்டு வீட்டுக்கு வந்ததில்லை. இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று என்னிடம் திட்டு வாங்காமலும் வந்ததில்லை.